ஒரு நிமிஷம்

குழந்தைகளுக்கு நேரத்தைக் கடன் கொடுத்துத்
திரும்ப வாங்குவது என் வேலை.
கிளைபேடா துறைமுகத்தில், மூன்றாம் மாடியில்,
முன்பு மீன் ஏற்றுமதிக் கணக்கெழுதிய அறையில்.

ஹெட்போனில் ஓர் ஒலி வரும், நிற்கும்.
எவ்வளவு நேரம் கேட்டதோ அவ்வளவு நேரம்
பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.
எண்ணக் கூடாது.
காலால் தாளம் போடக் கூடாது.

ஒருவரும் சரியாகத் திருப்பித் தருவதில்லை.

உக்னியுஸ், ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை.
ஆறு நொடி கொடுத்தால் இரண்டரை தருவான்.
நெடிலையெல்லாம் குறிலாக அழுத்தினான்.
மறுமுறை ஒன்பது.
அதற்கடுத்த முறை
பொத்தானிலேயே விரலை மறந்துவிட்டு
ஜன்னலில் போகும் ஃபெரியைப் பார்த்தான்.
கவனச் சிதறல் என்று அந்தப் பதிவை நீக்கினோம்.
ஃபெரி அழகாகத்தான் இருந்தது, பனியை உடைத்துக்கொண்டு.

அவன் நெற்றிக்குப் பின்னால் இன்னும் வேலை நடக்கிறது,
நரம்புக்கு உறை சுற்றி முடியவில்லை,
இருபது வயது தாண்டியும் ஆகும் என்றேன்
அவன் அம்மா ரைமொண்டாவிடம்.
எங்கள் தெருவில் குழாய் பதிப்பது மாதிரியா?
அதே மாதிரிதான்.

பயிற்சி ஆறு வாரம்.
திரையில் ஒரு நாரை பறந்துபோய்ச்
செங்கல் சுவருக்குப் பின்னால் மறையும்.
மறுபக்கம் அலகு நீட்டும் கணத்தில் தட்ட வேண்டும்.
முந்தினால் விளக்கு சிவக்கும்.
பிந்தினால் நாரை கழுத்தைத் திருப்பி
ஒரு மாதிரி பார்க்கும்.
அந்தப் பார்வைக்குப் பயந்தே தேறினார்கள் பாதிப் பேர்.

நான்காம் வாரம் உக்னியுஸின் பிழைக்கோடு
படியிறங்குவது போல் இறங்கியது.
வைடோட்டஸ் எல்லோருக்கும் கேக் வாங்கினார்.

ஐந்தாம் வாரம் ரைமொண்டா போன் செய்தாள்.

என் பிள்ளையை என்ன செய்தீர்கள்?
இரவு வேலை முடிந்து வந்து படுத்திருக்கிறேன்.
ஒரு நிமிஷம் கண்ணா, எழுந்து வருகிறேன் என்கிறேன்.
கதவைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்,
அம்மா, போன தடவை உன் நிமிஷம் பதினாலு நிமிஷம்.
அதற்கு முந்தி இருபது.
கத்தவில்லை. சொன்னான், அவ்வளவுதான்.
அழுதிருந்தால்
என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும்.

படிவத்தில், பக்கவிளைவுகள் என்ற இடத்தில்,
தலைவலி, கண்ணெரிச்சல், சலிப்பு
என்று மூன்று கட்டங்கள்தான்.
எழுதிக்கொள்கிறேன் என்றேன்.
ஒரு நிமிஷம், பேனா எடுக்கிறேன் என்றேன்.
பிறகு இரண்டு பேருமே
கொஞ்ச நேரம் பேசவில்லை.

எல்ஸே ஒப்பீட்டுக் குழு.
ஆறு வாரமும் அவளுக்கு நாரை கிடையாது.
முக்கோணத்தை முக்கோணத்தோடு சேர்த்தாள்,
வட்டத்தை வட்டத்தோடு.
இன்று கடைசிச் சோதனை; போன வாரம் போலவே
கொடுத்ததில் பாதியைத் திருப்பித் தந்தாள்,
மீதியை எங்கே வைத்தாளோ.

நாலு மணிக்கு வர வேண்டிய அவள் அம்மா
நாலே முக்காலாகியும் வரவில்லை.
எல்ஸே தரையில் குப்புறப் படுத்து
மஞ்சள் கிரேயானால் ஒரு வீட்டுக்குள்
இன்னொரு வீடு வரைகிறாள்.
அம்மா இப்போதுதானே போனாள் என்கிறாள்,
நான் கேட்காமலே.
அவள் நிமிஷங்களுக்கு இன்னும் கரை கட்டவில்லை.

ஆய்வு முடிந்தபின் ஒப்பீட்டுக் குழுவுக்கும்
அதே பயிற்சி தர வேண்டும் என்பது நெறிமுறை.
யாரையும் குறைவாக விட்டுவிடக் கூடாதல்லவா?
கூட்டத்தில் மேசையைத் தட்டி
அதற்காக வாதாடியவள் நான்தான்.

படியில் பூட்ஸ் சத்தம்.
மேல்கோட்டில் பனியோடு, மூச்சு வாங்க,
நாக்கில் ஒரு மன்னிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு
அம்மா வந்து நிற்கிறாள்.
ரொம்ப நேரமாயிற்றா தங்கம்?

இல்லையே.

பொய் இல்லை. அவள் தந்த அளவு அது.
நான் நாட்குறிப்பைத் திறந்து
திங்கட்கிழமை வசதிப்படுமா என்று கேட்கிறேன்.