பாதி அளவு

ஒஸ்ட்ராவாவில் எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
டிசம்பரில் மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
இருபதாம் தேதி, கடைசி நடை முடிந்து,
தெருமுனையில் நீலத்தொட்டி வைத்து விற்பவனிடம்
ஒரு கெண்டை வாங்கினேன்.
மண்டையில் ஒன்று போட்டுத் தரவா என்றான்.
வேண்டாம், உயிரோடு.
பண்டிகை வரை அது குளியல் தொட்டியில் கிடக்கும்,
நான் குளிக்காமல் கிடப்பேன்.

கூடத்தில் வொய்தா விட்டுப்போன மீன்தொட்டி.
லைப்ஸிக்கில் வேலை கிடைத்ததும்
ஆணியில் மாட்டிய பெல்ட்டைக்கூட எடுத்துக்கொண்டு போனவன்
ஐந்து கோமாளி மீன்களை மட்டும்
"ஒரு மாசம், அம்மா" என்றான்.
ஏழு வருஷமாய் நடக்கிறது அந்த மாசம்.
ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை.
ஒருக்களித்துப் படுத்துச் செத்ததுபோல் நடிக்கும்.
பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டினால்
வாடகை கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்து
எழுந்து போகும்.

வீட்டில் வாளி ஒன்றுதான்.
இதை இங்கே எழுதுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை.
கெண்டைக்குத் தண்ணீர் மாற்றிய வாளி,
கழுவாத வாளி,
அதே வாளி.

இருபத்து நாலாம் தேதி அக்கா புருஷன் க்வீதோ
கெண்டையை அறுத்தார்.
வறுத்த துண்டும் உருளைக்கிழங்கு சாலடும்.
காசு தங்குமென்று ஆளுக்கொரு செதில்
பர்ஸில் வைத்துக்கொண்டோம்.

இருபத்தொன்பதாம் தேதி, ஒரு வாலில் ஒரு வெள்ளைப் புள்ளி.
தூசி என்று விட்டேன்.
முப்பதாம் தேதி, உப்புக் கையை உதறினாற்போல்
ஐந்தின் மேலும்.
கல்லில் போய்ப் போய் விலாவைத் தேய்த்தன.
கை இல்லாத உடம்பில் அரிப்பு வந்தால்
வேறென்ன செய்யும்.

"புள்ளி தெரிகிறவரை அதைத் தொட முடியாது,"
என்றார் மீன்கடை ஓல்ட்ரிச்.
"தோலுக்கடியில் போர்த்திக்கொண்டு தின்னும்.
கொழுத்து உதிர்ந்து அடிக்கல்லில் ஒட்டி
ஒன்று பல நூறாய் உடையும்.
அவை மீன் தேடி நீந்துகிற ஒரு நாளோ இரண்டோ,
அப்போதுதான் மருந்து பிடிக்கும்.
குளிரில் அது சோம்பேறி. சூட்டை ஏற்று.
அவசரப்படட்டும்."

பணம் எடுக்கையில் செதில் விழுந்தது,
மேஜைக் கண்ணாடியில், நகத்தளவு, இன்னும் மினுங்கி.
அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை.
"பாதி அளவு ஊற்று.
உன் மீனுக்குச் செதில் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.
முழுசாய்க் கொடுத்தால் நோய்க்கு முன்னால்
அது போய்விடும்."

சில மணிக்கு ஒரு டிகிரி. இருபத்தேழு. இருபத்தெட்டு.
ஊரே வானத்தைக் கொளுத்திய புத்தாண்டு இரவில்
தரையில் உட்கார்ந்து
குழாய் வழியே அடிக்கல் அழுக்கை உறிஞ்சினேன்.
முப்பது.
ஜன்னலெல்லாம் வியர்த்தது.
வொய்தா போனில் வாழ்த்துச் சொன்னான். மீன்கள்?
கொஞ்சம் சளி மாதிரி, என்றேன்.
சிரித்தான். மீனுக்குச் சளியா?

நாலாம் தேதி காலை ஐந்து மணிக்கு
பெரியது ஒருக்களித்துக் கிடந்தது.
தட்டினேன்.
சீருடை போட்டு, பொத்தான் மாட்டி, திரும்ப வந்து தட்டினேன்.
முதல் டிராமை எடுத்தேன், ஒரு நிறுத்தத்தில்
கதவைத் திறக்காமலே கிளம்பிவிட்டேன்.
ஒரு பெண் பனியில் நின்று கையை ஆட்டினாள்.

பத்து நாள் கழித்துப் புள்ளி இல்லை.
இரண்டு வாரம் கழித்தும் இல்லை.
மிச்சம் நாலும் இரை கேட்டுக் கிளிக் கிளிக் என்கின்றன.
நான் இன்னும் தட்டுகிறேன்.

ஈஸ்டருக்கு வந்த வொய்தா கோட்டைக்கூடக் கழற்றாமல்
தொட்டி முன் குனிந்து எண்ணினான்.
மரத்துண்டின் பின்னால் பார்த்து மறுபடி எண்ணினான்.
பிறகு கை கழுவக் குளியலறைக்குப் போனான்.
அங்கே இரண்டு வாளி இருந்தன,
ஒன்று புதுசு, சிவப்பு.
தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.