மதிய மாத்திரை

விதோ காலையிலேயே வந்து
தன் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.
லெச்சேயில் யாருக்கோ ஞானஸ்நானம்.
"இன்றைக்கு நீதான் ராணி, சியூரி" என்றான்.
சக்கர நாற்காலி மடங்கி
டிக்கிக்குள் போகிறவரை வாசலில் நின்றேன்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக
இந்த வீட்டில் ஒரே ஒரு மூச்சு.

தரையைத் துடைத்தேன். நேற்றுதான் துடைத்தது.
ஜன்னல் பலகையைத் திறந்தேன்,
வெயில் கூசியது, பாதி மூடினேன்.
கீழே தெருவில் மேசை போட்டு
மாவைக் கட்டைவிரலால் அழுத்திக்
காது காதாகச் சுருட்டிப் போடும் பெண்கள்
பாரியின் பேச்சில் சண்டை போட்டார்கள்.
அந்தப் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும்,
வசவு மட்டும் முழுசாக.

கடலுக்குப் போகலாம். பத்து நிமிஷ நடை.
செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.
யாரிடம் சொல்லிக்கொண்டு போவது என்று
நின்றபடியே யோசித்துக்
கழற்றி வைத்தேன்.

சின்யோராவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.
அங்கிருந்து தெரிவது
சமையலறைக் கதவு, தண்ணீர்க் குழாய்,
குழாயடியில் ஆள் நிற்கிற இடம்.
ஆக, இத்தனை நாளும் அவள் பார்த்தது
என் முதுகை.

பன்னிரண்டரைக்கு போன் அலறியது. மாத்திரை நேரம்.
டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு
நடைவழியில் பாதி தூரம் போன பிறகுதான்
சுருக்கமில்லாத படுக்கை கண்ணில் பட்டது.
தண்ணீரை நானே குடித்தேன்.

அப்புறம் எதனாலோ
வெந்நீர் வைத்தேன், கல்லுப்பு போட்டேன்,
இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை
அவள் காலை வைக்கும் பேசினில்
என் காலை வைத்தேன்.
இடது சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது.
எப்போது, எதில் இடித்துக்கொண்டேன்?
வலித்த ஞாபகமே இல்லை.
ஒவ்வொரு நகமாக, அவசரமில்லாமல், வெட்டினேன்.

சியாத்துராவில் என் அம்மாவுக்கு
நஸிப்ரோலா நகம் வெட்டுகிறாள்.
மாதம் நூற்றைம்பது யூரோ, நான் அனுப்புவது.
நஸிப்ரோலாவின் அம்மாவுக்கு
யார் வெட்டுகிறார்கள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு மணிக்கு தேயோனா கூப்பிட்டாள். அங்கே நாலு.
ரோப்கார் மறுபடியும் நின்றுவிட்டதாம்,
படியேறிப் படியேறி முழங்கால் போச்சாம்.
இருபத்திரண்டு வயசு முழங்கால்!
"என்னம்மா, அங்கே சத்தத்தையே காணோம்?"
எட்டி ரிமோட்டை அழுத்தினேன்.
யாரோ பரிசு ஜெயித்தார்கள், யாரோ கைதட்டினார்கள்.
"சத்தமா? கிழவி டிவி பார்க்கிறாள், கேட்கவில்லையா" என்றேன்.
கேட்கிறது என்றாள்.
அவள் பக்கமும் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது.
அதை யார் பார்க்கிறார்கள் என்று
நானும் கேட்கவில்லை.

வைத்த பிறகும் டிவியை நிறுத்தவில்லை.
ரொட்டியைத் தக்காளியில் தேய்த்துத் தின்றேன்.
காலை நீட்டித் தூங்கிப்போனேன்,
அவள் நாற்காலியில்தான், வாய் திறந்து,
அவளைப் போலவே இருந்திருப்பேன்.

ஹாரன் சத்தம். இருட்டியிருந்தது.
நகத் துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து
பேசினைக் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.

"என்ன செய்தாய் நாள் முழுக்க?"
"ஒன்றுமில்லை சின்யோரா."
"கடலுக்குப் போனாயா?"
"போனேன்" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.
வலைத்துணியில் முடிந்த
சர்க்கரை பாதாம் ஐந்தை
என் கையில் திணித்தாள்.
பல் இருக்கிறவள் தின்னட்டும் என்றாள்.

படுக்கப் போகாமல்
நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள்.
நான் பாத்திரம் கழுவினேன்,
முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு,
கன்னத்தில் ஒரு பாதாமை ஒதுக்கி,
கடிக்காமல்.