பாழ் என்பதற்குப் பதினோரு அடையாளங்கள்

என் வேலை எளிது.
ஒரு அட்டை, ஒரு படிவம், நூலில் கட்டிய பேனா.
நகராட்சி காட்டும் இடத்தில் போய் நின்று
பாழ்தானா என்று பார்த்துச் சொல்லவேண்டும்.
பதினோரு அடையாளங்களில் நான்கு இருந்தால் போதும்.

நடைபாதை இல்லை. குறி.
தெருவிளக்கு இல்லை. குறி.
கழிவுநீர்க் குழாய் இல்லை. குறி.
தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லை. குறி.

அது வெங்காய வயல்.
கொலராடோவில், செப்டம்பர்க் கடைசி.
பிடுங்கிப் போட்ட வெங்காயம் பாத்தி பாத்தியாகக்
காய்ந்துகொண்டிருந்தது.
என் கார் வரைக்கும் அதன் வாசனை.
வெங்காயத்துக்கு எதற்கு நடைபாதை என்று
எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

நான் பாழ் என்றால்
மறுநாள் அது புத்துயிர் மண்டலம்.
சரக்குக் கிடங்கு வரும். கார் கழுவும் கடை வரும்.
ஏறுகிற வரி இருபத்தைந்து வருஷத்துக்கு
கட்டுகிறவன் பைக்கே திரும்பும்.
பள்ளிக்கூடத்துப் பணமல்லவா அது என்று
யாரோ கூட்டிக் கழித்துக் காட்டியதும்
சட்டசபை கொஞ்சம் புரண்டு படுத்தது:
ஐந்து வருஷத்துக்குள் விளைந்த நிலத்தைத் தொடாதே.

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பது
நிலச் சொந்தக்காரர் கிளிஃப்டன் ரீஸுக்குத்தான்
முதலில் தெரிந்தது.
குத்தகையைப் புதுப்பிக்கவில்லை.
வாய்க்கால் பங்கை விற்றார். கேட்டில் சங்கிலி.
விதைக்காமலிருப்பதை
ஒரு பயிர்போல வளர்த்தார்.
ஒரு வருஷம்,
இரண்டு,
மூன்று.
களை இடுப்பளவு வந்தது.
களையை யாரும் எடை போடுவதில்லை.

ஐந்தாவது வருஷம் ஏப்ரலில் என்னை அனுப்பினார்கள்.
இன்னும் ஆறு மாதம்; முன்கூட்டியே பார்த்துவிட்டு வா.
பனி உருகிய சேறு. ரயில் பாதையோரம்
வேலியை ஒட்டி ஒரு பச்சை.
வரிசையில்லை. கலப்பை பட்ட தடமில்லை.
வேலிக்கு வெளியே நின்று கையால் வீசிய
பிறைப் பிறையான கோதுமை.

சாலையில் ஒரு பழைய பிக்கப்.
யூலாலியா மொந்தோயா. பத்தொன்பது வருஷம்
இங்கே குத்தகை உழுதவள்.
இப்போது டயர் கிடங்கில் இரவு வேலை.
தானாக முளைத்திருக்கும், என்றேன்.
அவளுக்கு ஒரு வழி விட்டுவைப்பதாக நினைப்பு.
"தானாகவா? விதை நாற்பது டாலர்," என்றாள்.
"உங்கள் காகிதத்தில் பயிர் என்றால் என்ன?"
புரட்டினேன். *விற்பதற்காக அறுத்தது.*
தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஜூலையில் அலுவலகத்துக்கு ஒரு ரசீது வந்தது.
தானியக் கிடங்கு முத்திரை:
கோதுமை, மூன்று மூட்டை, ஈரம் அதிகம்.
இருபத்தொன்பது டாலர்.
எதில் அறுத்தாள், எத்தனை இரவு, தெரியாது.
செலவுக்கே கட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

இது செல்லாது என்றார் என் மேலாளர்.
அத்துமீறி நுழைந்தவள் விதைத்தது விவசாயமாகுமா?
நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.
பொய் சொல்லக் கூடாது; சொல்கிறேன்.
குறி போட இருந்தேன்.

அதற்குள் ரீஸின் வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது.
திருட்டுப் புகார். கனத்த தாள்.
நகல் நகராட்சிக்கு, நகல் எங்களுக்கு.
*என் கட்சிக்காரரின் நிலத்தில்*
*விளைந்த கோதுமையை*
*அறுத்து விற்ற வகையில்…*

இரண்டு முறை படித்தேன்.
மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு
மூன்றாம் முறை படித்தார்.
விளைந்த.
கோதுமையை.
அறுத்து.
விற்ற.

படிவத்தோடு அந்தத் தாளை வைத்துப் பின் அடித்தேன்.
அவளை நீதிமன்றம் என்ன செய்யுமோ
இன்னும் தெரியாது. செப்டம்பர் பதினெட்டு விசாரணை.
நடைபாதை இருக்கிறதா என்ற முதல் கட்டத்தில்
வெகு நேரம் பேனா நின்றது.
பிறகு எழுதினேன்:
நடப்பதற்கு வரப்பு உண்டு.