இரண்டு மணித்தியாலம்

குறிகட்டுவான் இறங்குதுறையில்
நயினாதீவுக்குப் போகிற சனம்
அர்ச்சனைப் பைகளோடு வரிசையில் நிற்க
நான் மற்றப் பக்கமாய் நடந்தேன்,
எமிலியானின் வள்ளத்தை நோக்கி.

"தனியவோ?"
"ஓம்."
"அங்கை ஒண்டுமில்லையே பிள்ளை."
"அதுக்குத்தான்."

பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.
காசை எண்ணிச் சாரத்து மடிப்பில் செருகினார்.
இயந்திரக் கயிற்றை மூன்றுதரம் இழுத்தார்.
இருமிக்கொண்டு எழும்பியது.

வாடை ஓய்ந்து சோளகம் இன்னும் வராத பங்குனி.
கடல், வெயிலில் போட்ட தகரம்.
சில இடத்தில் இடுப்பளவுதான் ஆழம்;
சாதாழை வள்ளத்தின் அடியைத் தடவிப்பார்த்தது.
களங்கண்ணித் தடி ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம்,
காலை எட்டரைக்கு என் யன்னலுக்கு முன்
ஆளையாள் பாராமல் நிற்பவர்களைப் போல.

தீவு என்று சொல்லக் காணாது.
மணல், தாழம்பற்றை, இரண்டு கண்டல்.
பனைகூட இல்லை.
பனையில்லாத மண்ணை
நான் இங்கே வேறெங்கும் கண்டதில்லை.

"நண்டு வலை பாத்திட்டு வாறன்.
ரண்டு மணித்தியாலம்."
வள்ளத்தின் சத்தம் மெலிந்து
நூலாகி
ஊசிக் காதுக்குள் போய்விட்டது.

கத்துவதற்காகத்தான் வந்தேன்.
பதினொரு வருடம் கண்ணாடிக்குப் பின்னிருந்து
"படிவத்தை நிரப்பிக்கொண்டு வாங்கோ" சொன்ன தொண்டை.
வாயைத் திறந்தேன்.
ஒரு செருமல் வந்தது.
யாரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்று
அதையும் விழுங்கினேன்.

முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கம்:
தாழைக்குப் பின்னால் குந்தினேன்.
குந்துமுன் நாலு பக்கமும் பார்த்தேன்.
நாலு பக்கமும் கடல்.
எழும்பும்போது
திரும்பவும் பார்த்தேன்.

கைப்பேசி ஒருதரம் முனகியது:
இந்தியா உங்களை அன்புடன் வரவேற்கிறதாம்.
ஓரடியும் நகரவில்லை நான்.
அந்தக் கரையிலிருந்து
எனக்கு முதலே வந்து சேர்ந்திருந்தன
ஒரு சோடாப் போத்தல், மீன்பெட்டி மூடி,
இடதுகால் செருப்பு
மட்டும்.
மணலில் குப்புற விழுந்த பலகை ஒன்று.
புரட்டினேன். உப்புத் தின்று மிச்சம் விட்ட
ஒரே சொல்: தடை.
எது என்று இல்லை.

நனைந்த சட்டையோடு மணலில் படுத்தேன்.
நேரம் போனது, அல்லது போகவில்லை.
மூக்குக்கு ஒரு சாண் தள்ளி
ஒரு துளைக்குள்ளிருந்து இரண்டு கண்கள்.
பிறகு கால்கள்.
பிறகு அடுத்த துளை, அதற்கடுத்தது.
சிறு நண்டுகள்
தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கின.
ஒன்று என் விரலில் ஏறி, மறுபுறம் இறங்கி
மண் உருட்டப் போனது.

ஆளில்லாத் தீவு.
என்னையும் சேர்த்துக் கணக்கெடுத்த பின்னும்
அது சரியாகத்தான் இருந்தது.

தும்மினேன்.
கரை காலியாகிவிட்டது.

இரண்டரை மணித்தியாலம் ஆகியும்
வள்ளத்தைக் காணவில்லை.
போத்தலில் ஒரு மிடறு.
எமிலியானின் நம்பரை நான் வாங்கவில்லை.
எழும்பி நின்று, ஏனென்று தெரியாது,
என் அடையாள அட்டை இலக்கத்தை
உரத்துச் சொன்னேன்.
ஒன்பது எண்களும், கடைசியில் அந்த 'வி'யும்.
அந்தத் தீவில் நான் பேசிய பேச்சு
அவ்வளவுதான்.

சத்தம் கேட்டபோது
முதலில் மூச்சு வந்தது.
அதன் பின்னாலேயே ஒரு எரிச்சல்,
கதவு தட்டாமல் உள்ளே வந்தவரைக் கண்டதுபோல்.

"ஒண்டுமில்லை எண்டு சொன்னனான்."
"ஓம்."
வலையில் சிக்கினதில் இரண்டைக்
கால் கட்டிப் பையில் போட்டுத் தந்தார்,
காசு வேண்டாமென்று.

புங்குடுதீவுப் பாலத்தில் பஸ் குலுங்க
மடியில் பை அசைந்தது.
பக்கத்தில் இருந்தவள் சீலையை இழுத்துக்கொண்டு
யன்னலோரம் ஒதுங்கினாள்.
நான் மூச்சை அடக்கி
அசையாமல் இருந்தேன்,
வெளியே வருமோ என்று.