நாள் முழுக்க நிற்பது

ரெஜிலா, கண்ணை மூடாதே, மேலே பார்.
ஃபேன் இறக்கை எத்தனை என்று எண்ணு.
மணி நாலேகால். கருங்கல்லில் பால்வண்டி கூட வரவில்லை.
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் நாய்கள் துரத்த
ஸ்கூட்டரில் பெட்டியும்
பெட்டிக்குள் பதினேழு பிரஷுமாக வந்திருக்கிறேன்.
வேலை ஆறுக்குத்தான்.
மிச்சமெல்லாம், மூடியைத் திறக்கும்போது
மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்கு.

கிரீமுக்கு நைலான், பவுடருக்கு ஆட்டுமயிர்.
மாற்றிப் பிடித்தால் ஆடு கிரீமைக் குடித்துவிடும்,
முகத்துக்கு மிஞ்சாது.
இந்தத் தட்டைப் பிரஷ் கடைக்காரன் பேச்சில் வாங்கியது,
கன்னத்தில் உழவுசால் ஓட்டும்.
எனக்கு இந்தக் குட்டையன்தான்.
தலை உருண்டு, மயிர் நெருங்கி,
ஒரு பக்கம் தேய்ந்து போனவன்.
இழுக்க மாட்டான். ஒற்றி ஒற்றி உட்கார வைப்பான்.

எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். ஒன்று காய்ந்துதான் இன்னொன்று.
தண்ணீர்ச் சரக்குக்கு மேல் தண்ணீர்ச் சரக்கு,
சிலிக்கானுக்கு மேல் சிலிக்கான்.
கலந்தாயோ, எலுமிச்சை விழுந்த பால்.
நேரமில்லை என்று ஒரே அடியாய் அப்பிக்கொண்டவர்கள்
பந்திக்கு முன்பே வெடித்ததைப் பார்த்திருக்கிறேன்,
மே மாதத்துப் பேச்சிப்பாறைச் சேறு மாதிரி.

டப்பாக்களின் அடியில்
தேன், பாதாம், மணல் என்று போட்டிருக்கிறான்.
கருப்பட்டி என்று ஒருவனும் போடவில்லை.
இரண்டைக் கலக்கி மூன்றாவதைத் தொட்டு
என் புறங்கையில்தான் அதைக் காய்ச்ச வேண்டியிருக்கிறது.

"கொஞ்சம் வெளுப்பா போடு, கேட்டியா"
விஜினின் சித்தி கதவில் சாய்ந்து நின்று சொன்னாள்.
சரி என்றேன்.
எதையும் தொடாத வெறும் பிரஷை
உன் நெற்றியில் இரண்டு தடவை ஓட்டினேன்.
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
"ஆங், இப்ப கொள்ளாம்."
உனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காதே என்றேன்,
வாயோரம் இன்னும் காயவில்லை.

அதற்குப் பிறகுதான்
போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாய்.

பதினோரு வருஷம் அண்டி ஆபீசில் ஓடு உடைத்த கை.
தோட்டின் எண்ணெய் விரலிடுக்கில், நகக்கண்ணில்,
உள்ளங்கை ரேகை முழுக்கக் கறுப்பாய் ஓடியிருந்தது.
"அல்தார் முன்னால கை பிடிக்கும்போ
வீடியோக்காரன் பக்கத்துல வருவான் அக்கா."

ஆரஞ்சு கரெக்டர், அதன்மேல் கன்சீலர்,
பவுடர், ஸ்ப்ரே, மறுபடி பவுடர்.
முகத்துக்கு ஒரு மணி நேரம்,
கைக்கு ஒன்றரை.
எனக்குத் தெரியும், கை நிற்காது.
கை எதையாவது தொட்டுக்கொண்டேயிருக்கும்.
சொல்லவில்லை.

பதினொன்றே கால். கோயிலுக்குள் காற்றில்லை.
கடைசி பெஞ்சில் டச்சப் பையோடு நின்றேன்.
உன் காதோரம் ஒரு சொட்டு வேர்வை இறங்கியது
எதையும் கூட்டிக்கொண்டு போகாமல்.
அந்த இடத்தில் கைதட்டியிருப்பேன்.
பிறகு சாமியார் கேட்க, அவன் உன் வலக்கையைப் பிடித்தான்.
விட்டபோது அவன் உள்ளங்கையில்
அரை ரூபாய் அகலத்துக்கு என் கருப்பட்டி.
பார்த்தான்.
கேமரா திரும்புவதற்குள் அந்தக் கையைக்
கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.
குனிந்து உன்னிடம் என்னவோ சொன்னான்.
கடைசி பெஞ்சுக்கு அது கேட்கவில்லை.

ராத்திரி, குழந்தை ஷாம்பூவில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன்.
தண்ணீர் நாலு தடவை மாறியும் உன் நிறத்தில் போனது.
பிழிந்து, மயிர் கீழே பார்க்கத் தொங்கவிட்டேன்,
தண்ணீர் காம்புக்குள் இறங்கினால் பசை விட்டுவிடும்.
பத்தரைக்கு உன் போட்டோ வந்தது:
"முகம் அப்படியே இருக்கு அக்கா."
ஆமாம், அப்படியே இருந்தது.
கையில் கோழிக்கால்.
விரல்கள் கழுவித் துடைத்து, வெறுமையாய்,
பிரைமர் இல்லாமல், ஸ்ப்ரே இல்லாமல்
ஒரு இழை கலையாத கறுப்பு.

கீழே இன்னொரு செய்தி:
பாக்கி இரண்டாயிரம் திங்கட்கிழமை தருகிறாயாம்.