இருபத்தேழு அட்டைகள்

காக்ஸ் டவுனில், பஞ்சர் கடைக்கு மேலே
பத்துக்குப் பதினான்கு அறை.
ஆகஸ்டில் பசை காய்வதில்லை.
மைதாவில் மயில்துத்தம் கலந்தும்
கரப்பான்கள் ருசி பார்த்துவிட்டுத்தான் போகின்றன.

ஷப்ரீன் ஈரவிரலால் தாளின் மூலையைத் தொடுகிறாள்.
எந்த வாக்கில் சுருள்கிறதோ
அந்த வாக்கில்தான் மடிக்க வேண்டும்.
மாற்றி மடித்த நோட்டு
ஆயுளுக்கும் முறைத்துக்கொண்டு நிற்கும்.

பெல்லந்தூரில் ஒரு கம்பெனிக்குப் பத்து வயது.
நூற்றுப் பன்னிரண்டு நோட்டுகள்,
அட்டையில் அவரவர் பெயர்.
தங்க முலாம் வேண்டாம், வெறும் அழுத்தம் போதும்,
விரலுக்குத் தெரிந்தால் சரி என்றார்கள்.
எனக்கும் அது பிடித்திருந்தது.

பெயர்ப் பட்டியலோடு வந்தவர் குருபசப்பா, அட்மின்.
பிழை திருத்த மட்டும் மூன்று முறை படியேறினார்.
"சௌமியாவுக்கு டபிள்யூ வராது மேடம்,
கோபித்துக்கொள்வார்."
பித்தளை எழுத்துகளைக் கோத்து, சூடேற்றி,
துணி கருகுவதற்கு ஒரு மூச்சு முன்னால் எடுத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு மூச்சு.

வியாழன் மதியம் போன்.
வேறொரு குரல், மிகுந்த மரியாதை.
எண்பத்தைந்து போதுமாம்.
இருபத்தேழு பெயர்களை மெயிலில் அனுப்புகிறோம்,
அவற்றை மட்டும் தயவுசெய்து...
வாக்கியத்தை அந்தப் பெண் முடிக்கவில்லை.
நான் கேட்டேன்: அந்த அட்டைகளுக்குக் காசு?
எழுதும்போது கூசுகிறது.
ஆனாலும் முதலில் கேட்டது அதைத்தான்.
வாடகை ஐந்தாம் தேதி.

அட்டையையாவது மீட்கலாம் என்றாள் ஷப்ரீன்.
ஈரத்துணி விரித்து இஸ்திரி வைத்தோம்.
எழுத்துகள் உப்பி, சமமாகி, இல்லாமல் போயின.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்
காயக் காயத் திரும்பிக்கொண்டிருந்தார்
அனிந்திதா போரா.
முதலில் போரா. அப்புறம் அனிந்திதா.

சனிக்கிழமை
ஹெல்மெட்டைக் கழற்றாமல் மேலே வந்தார் குருபசப்பா.
பட்டியலில் பதினெட்டாவது அவர்.
தெரியாததுபோல் தாள் எண்ணினேன்.
"ஸ்பெல்லிங் நானே பார்த்தது மேடம்.
வேறு யாருக்கு உதவும்? கொடுத்துவிடுங்கள்."
உள்ளே தாள் இல்லையே, வெறும் அட்டை என்றேன்.
"எவ்வளவு நேரம்?"
தைக்க முக்கால் மணி. காய ஒரு ராத்திரி.
உட்கார்ந்தார். ஹெல்மெட் மடிக்கு வந்தது.

பத்து மடிப்பு. மெழுகிட்ட நூல்.
இறுக்கினால் தாள் கிழியும்,
விட்டால் ஆடும் பல்.
ஆறாவதில் நூல் தீர்ந்தது.
உள்பக்கமாக, யாரும் பார்க்காத இடத்தில்
முடிச்சுப் போட்டேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
கீழே டியூபைத் தண்ணீரில் அமுக்கும் சத்தம்,
குமிழுக்காகக் காத்திருக்கும் மௌனம்.

"கோடு போட்ட தாள் இல்லையா?"
எல்லாம் வெள்ளை.
"கணக்கு எழுதணும் மேடம்.
இ.எம்.ஐ. இருக்கு, ரெண்டு ஸ்கூல் ஃபீஸ் இருக்கு."
ஷப்ரீன் ஒன்றும் பேசவில்லை.
தைக்காமல் மீந்த நான்கு மடிப்புகளை இழுத்து
ஸ்கேலும் பென்சிலுமாகக் கோடு போட்டாள்.
பதினோரு பக்கம் ஆனதும் அவரே நிறுத்தினார்.
கோடு நோட்டின் கடைசியில்தான் வரும் என்றேன்.
"பரவாயில்லை,
பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன்."

பணம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால்
நோட்டை எடுக்க வரவே மாட்டார் என்று பட்டது.
அது சரியான கணக்கா, தெரியவில்லை.

அலமாரியில் இருபத்தாறு அட்டைகள்.
மழைநாளில் துணி ஈரம் குடித்துப் பெயர்கள் தணியும்.
வெயில் வந்தால் தெளியும்.
ஷப்ரீன் அவற்றைத் தூசி தட்டுவதில்லை,
தடவுகிறாள்.

திங்களன்று பெட்டிகளைத் தூக்கிப் பார்த்த டெம்போக்காரர்
"நூத்திப் பன்னெண்டுன்னு சொன்னீங்க,
எடை கம்மியா இருக்கே" என்றார்.
எண்பத்தைந்து என்று திருத்தி
ரசீதை நீட்டினேன்.
கையெழுத்துப் போட அவரிடம் பேனா இல்லை.