ஈ ஓட்டியவள்

சாஸ்கடூனில், உயிரியல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
முப்பத்தொரு வருடம் ஈ ஓட்டினேன்.
அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

ஐஸில் வைத்தால் பழ ஈ
கால் மடக்கி மல்லாந்துவிடும்.
வெளியே எடுத்தால் பதினொரு நிமிடத்தில் எழும்.
தொண்ணூற்றைந்து ஜனவரியில்
ஒரு புட்டியில் மட்டும் நான்கே நிமிடம்.
ஸ்டாப்வாட்ச் பழுது என்று நினைத்து
இன்னொன்று வாங்கினேன்.
நான்கு.
பிள்ளை ஈக்களும் நான்கு. அவற்றின் பிள்ளைகளும்.

மரபணுவுக்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டவளுக்கு.
மார்கழி என்று வைத்தேன்.
ழகரத்தை என்ன செய்வது என்று
இதழாசிரியர் கடிதம் போட்டுக் கேட்டார்.
நாக்கை மடியுங்கள் என்றேன்.

அதை வைத்துத்தான் நிரந்தர வேலை.
அதை வைத்துத்தான் மானியம்.
ஈ என்றால் கொடு என்றும் அர்த்தம்;
ஒட்டாவாவிடம் வருடாவருடம்
இரண்டு அர்த்தத்திலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடம் கழித்து
ஒலெனா ஹ்ரிஷ்கோ, ஆய்வு மாணவி,
கோட்டைக் கழற்றாமல் கதவருகே நின்றாள்.
மரபணு இல்லை, என்றாள்.
வயிற்றில் ஒரு பாக்டீரியா. தாய்வழி வருவது.
ஆன்டிபயாடிக் கொடுத்தால்
மார்கழிக்கும் பதினொரு நிமிடம்.

அப்பா ஈ வழியாக
நான் ஒரு தடவைகூடக் கடத்திப் பார்த்ததில்லை.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
அவள் எண்ணியதையெல்லாம்
மூன்று இரவு நானே எண்ணினேன்.
அவள் சரி.

கட்டுரையைத் திரும்பப் பெறும் குறிப்பு நான்கு வரி.
அத்தனை தடவை அடித்துத் திருத்திய நான்கு வரி
என் வாழ்நாளில் வேறில்லை.
முதல் வரியில் அவள் பெயர்.
தைரியம்தான் உனக்கு, என்றார்
காஃபி இயந்திரத்தருகே நீல் ஆர்ம்ஸ்டெட்.
தைரியம் எங்கே?
எண்ணிக்கை.

அப்புறம் மானியம் வரவில்லை.
முதலாண்டு மாணவர் நானூறு பேருக்குப்
பட்டாணி நடத்தினேன்.
ஆனாலும் பதினான்கு நாளுக்கொரு தடவை
புதுக் கூழ், புதுப் பஞ்சு, புதுப் புட்டி.
கால் முறிந்த குளிர்காலத்தில் ஊன்றுகோலோடு வந்தேன்.
எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

நாளை அறையைக் காலி செய்யவேண்டும்.
எண்ணெய் ஊற்றிய பாட்டில்
(நாங்கள் அதைப் பிணவறை என்போம்)
மேஜைமேல் மூடியில்லாமல் இருக்கிறது.
அதற்கு முன் ஒரு தடவை, பழக்கதோஷம்,
மார்கழியை ஐஸில் வைத்தேன்.
மல்லாந்தன.
வெள்ளைத்தாளில் கொட்டி
வாட்சை அழுத்தினேன்.

நோட்டுகள் எல்லாம் பெட்டிக்குள் போயாயிற்று.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
நான்கு நிமிடம், பத்து நொடி.